இணைப்பில் தங்கும் உறுதி: கட்டகமுறைக் கட்டடங்களின் பாதுகாப்புக் கண்காணிப்பு

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் தமிழர் மிகப் பலர். ஆயினும் தாம் வாழும் கட்டடம் எவ்வாறு நிற்கிறது, அது தொடர்ந்து நிற்கும் என்பதற்கு யார் பொறுப்பு என்னும் வினாக்களைத் தமிழில் எழுப்பி விடை காணும் எழுத்துகள் நம்மிடையே குறைவு. அறிவியல் தமிழ் என்னும் பெயரில் கலைச்சொற்களைத் தொகுக்கும் நாம், அச்சொற்களைக் கொண்டு நம் வாழ்வோடு ஒட்டிய ஒரு பொருளை முழுமையாக விளக்கிப் பார்ப்பது அரிதாகவே உள்ளது. இக்கட்டுரை அத்தகைய முயற்சிகளுள் ஒன்று.

ஆலையில் பெட்டி பெட்டியாகச் செய்து, கட்டுமான இடத்திற்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்படும் கட்டடங்களே இங்கு ஆய்வுப்பொருள். அவற்றின் உறுதியை எவ்வாறு கண்காணிப்பது, அக்கண்காணிப்பின் எல்லைகள் யாவை என்பன விளக்கப்படுகின்றன. இவ்வகைக் கட்டடத்தின் உறுதி பெரும்பாலும் அதன் இணைப்புகளில் தங்கியுள்ளது. அவ்விணைப்புகளோ கட்டி முடித்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின், கண்காணிப்பு என்பது கட்டடம் எழுந்தபின் தொடங்கும் பணியன்று. இணைப்பு மூடப்படுவதற்கு முன்னரே தொடங்க வேண்டிய பணி. இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. சொல்லும் பொருளும்

‘கட்டகம்’ என்னும் சொல் தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. பாடப்பகுதியைத் தனித்தனியே கற்கத்தக்க அலகுகளாகப் பிரித்து அமைத்தவற்றைக் கற்றல் கட்டகம் என்கிறோம். தன்னளவில் முழுமை பெற்றதாகவும், பிறவற்றோடு சேர்கையில் ஒரு பெரிய முழுமையின் பகுதியாகவும் இருப்பது கட்டகத்தின் இலக்கணம். கட்டுமானத் துறையில் இச்சொல் குறிக்கும் பொருளும் இதுவே. தரை, சுவர், மேல்தளம் ஆகியவற்றோடு ஓர் அறை அளவிலான பெட்டி ஆலையில் உருவாகிறது. குளியலறை ஓடுகள், சன்னல், மின்கம்பிகள், நீர்க்குழாய்கள், வண்ணப்பூச்சு ஆகியவையும் பெரும்பாலும் ஆலையிலேயே முடிக்கப்படுகின்றன. பின்னர் அப்பெட்டி நெடுஞ்சாலை வழியே கொண்டுவரப்பட்டுப் பாரந்தூக்கியால் தூக்கி அமர்த்தப்படுகிறது. சிங்கப்பூரில் இம்முறை பிபிவிசி என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகிறது.

இதனினும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் பெட்டி முழுதாகச் செய்யப்படுவதில்லை. சுவர்ப்பலகைகளும் தளப்பலகைகளும் மட்டும் முன்கூட்டியே வார்க்கப்பட்டு, கட்டுமான இடத்தில் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. இதனை முன்வார்ப்புப் பலகை முறை எனலாம். இவ்விரண்டிற்கும் இடையே வடிவில் வேறுபாடு உண்டெனினும், தனித்தனியே செய்தவற்றைப் பின்னர் இணைப்பது என்னும் அடிப்படையில் இரண்டும் ஓரினமே.

நம் வட்டாரத்தில் இம்முறைகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு அணித்தான வரலாறு உண்டு. மலேசியாவில் 1964-ஆம் ஆண்டில் முன்வார்ப்பு முறையில் இரண்டு பெரும் வீடமைப்புத் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. கோலாலம்பூர் பெக்கெலிலிங் சாலையில் பதினேழு மாடிக் குடியிருப்புகள் ஏழும், பினாங்கு ரைபிள் ரேஞ்சு பகுதியில் பதினேழு, பதினெட்டு மாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. முன்னதற்கு டென்மார்க்கு நாட்டு லார்சன்–நீல்சன் முறையும், பின்னதற்குப் பிரெஞ்சு நாட்டு முறை ஒன்றும் கையாளப்பட்டன. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980-களில் முன்வார்ப்பு முறையைப் பெருமளவில் மேற்கொண்டது. அண்மைக் காலத்தில் கட்டகமுறை உயரத்திலும் வளர்ந்துள்ளது. சிங்கப்பூரில் 2019-இல் நிறைவுற்ற கிளமெண்ட் கனோப்பி என்னும் கூட்டுரிமைக் குடியிருப்பு, நாற்பது மாடிகள் கொண்ட இரு கோபுரங்கள் உடையது. ஏறத்தாழ 140 மீட்டர் உயரம். 1,899 கட்டகங்களால் ஆனது. அக்கட்டகங்களின் கான்கிரீட் உடல் ஜொகூர் மாநிலத்துச் செனாயில் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் உள்வேலைப்பாடுகள் முடிக்கப்பட்டுப் பின்னரே உரிய இடத்தில் அமர்த்தப்பட்டது. அதன்பின் எழுந்த அவென்யூ சவுத் ரெசிடென்ஸ் 56 மாடிகளும் 192 மீட்டர் உயரமும் கொண்டது. இரு நாடுகளில் உருவாகி, எல்லை கடந்து வந்து, ஓரிடத்தில் ஒன்றிய வீடு என்று இவற்றைக் கூறுதல் பொருந்தும்.

2. ரோனன் பாயிண்ட் கற்பித்த பாடம்

முன்வார்ப்புக் கட்டடங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் எவரும் இலண்டன் மாநகரின் ரோனன் பாயிண்ட் கட்டடத்தைக் கடந்து செல்ல இயலாது. 22 மாடிகள் கொண்ட அக்குடியிருப்பு 1968-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்டது. இரண்டே திங்கள் கழித்து, மே 16 அன்று விடியற்காலையில், பதினெட்டாம் மாடியில் வாழ்ந்த ஒருவர் அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்தபோது, கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரிதன்று, அவரே உயிர் பிழைத்தார். ஆனால், அது சுமைதாங்கும் வெளிச்சுவர்ப் பலகைகளை வெளியே தள்ளிவிட்டது. கீழ்த்தாங்கல் இழந்த மேல்மாடிகள் சரிந்தன. அவற்றின் எடை தாளாது கீழ்மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் வீழ்ந்தது. நால்வர் மாண்டனர், பதினெழுவர் காயமுற்றனர்.

காரணம் சிறிது, விளைவு பெரிது என்பதே இந்நிகழ்வின் சாரம். இதனைப் பொறியியலார் விகிதம் மீறிய இடிவு என்பர். ஓரிடத்தில் ஒரு பலகை விலகினால் அதன் சுமையை அண்டைப் பலகைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பலகைகளிடையே வலுவான பிணைப்பு இருத்தல் வேண்டும். ரோனன் பாயிண்டில் அப்பிணைப்பு போதவில்லை. சீட்டுக்கட்டு வீடுபோல், ஒவ்வொரு பலகையும் தன் எடையாலும் தன்மேல் அமர்ந்ததன் எடையாலுமே நிலைபெற்றிருந்தது. இவ்விடிவின் பின்னர் 1970-இல் பிரித்தானியக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. உயர்ந்த கட்டடங்களில் ஓர் உறுப்பு அகன்றாலும் முழுமையும் சரியாவண்ணம் வடிவமைத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று.

எனினும் நம் கருத்துக்கு மிகவும் இன்றியமையாத பகுதி பதினெட்டு ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. இடிந்த மூலை மீண்டும் கட்டப்பட்டு, வலுவூட்டப்பட்டு, அக்கட்டடம் மக்கள் வாழ்விடமாகத் தொடர்ந்தது. 1986-இல் அதனை அகற்ற முற்பட்டபோது, இடித்துத் தள்ளாமல் மாடி மாடியாகக் கழற்றிப் பார்த்தனர். அப்போதுதான் இணைப்புகளின் உண்மை நிலை தெரிந்தது. காரை நிரம்பியிருக்க வேண்டிய இடைவெளிகள் பல வெறுமையாக இருந்தன. சிலவற்றில் செய்தித்தாளும் குப்பையும் அடைக்கப்பட்டிருந்தன. சுவர்ப்பலகையின் சுமை காரைப்படுகையின் வழியாகப் பரவலாக இறங்காமல், பலகையை மட்டம் பார்க்க வைத்த இரு திருகாணிகளின்மீதே தங்கியிருந்த இடங்களும் காணப்பட்டன. பல ஆண்டுகள் அக்கட்டடத்தில் மக்கள் வாழ்ந்தனர், சுவர்களுக்கு வண்ணம் பூசினர், விழாக்கள் கொண்டாடினர். எவருக்கும் அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை.

ரோனன் பாயிண்ட் எழுந்த முறையும் லார்சன்–நீல்சன் முறையே என்பது நமக்குச் சிந்தனைக்குரியது. பெக்கெலிலிங் குடியிருப்புகளில் அத்தகைய இடிவு எதுவும் நிகழவில்லை. அவை தம் காலம் முடிந்து பின்னர் அகற்றப்பட்டன. ஒரே முறை ஓரிடத்தில் வீழ்ந்தது, மற்றோரிடத்தில் நின்றது. முறையின் பெயர் பாதுகாப்பையோ ஆபத்தையோ உறுதிசெய்வதில்லை. ஒவ்வோர் இணைப்பும் எவ்வாறு வடிவமைக்கப்பட்டது, எவ்வாறு நிரப்பப்பட்டது என்பதே உறுதிசெய்கிறது.

3. இணைப்பின் இயல்பு

கட்டுமான இடத்திலேயே வார்க்கப்படும் கான்கிரீட் கட்டடத்தில் தூணும் விட்டமும் தளமும் ஒரே உடலாக இறுகுகின்றன. கட்டகமுறையில் அவ்வொருமையை இணைப்புகளே உண்டாக்க வேண்டும். கான்கிரீட் கட்டகங்களில், அடுத்தடுத்த இரு பெட்டிகளின் சுவர்களுக்கிடையே உள்ள குறுகிய இடைவெளியில் எஃகுக் கம்பிகள் நிறுத்தப்பட்டு, சுருங்காத நிரப்புக்காரை ஊற்றப்படுகிறது. எஃகுக் கட்டகங்களிலோ மூலைகள் தகடுகளாலும் திருகாணிகளாலும் பிணைக்கப்படுகின்றன. இவ்விணைப்புகளின் இயல்பில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாதல். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒவ்வொரு கட்டகமும் தன் இடத்திலிருந்து 3 மில்லிமீட்டர் விலகி அமர்வதாகக் கொள்வோம். விலகல் சிலவற்றில் இடமாகவும் சிலவற்றில் வலமாகவும் தற்செயலாக அமைந்தால், நாற்பது மாடிகளில் அதன் கூட்டு விளைவு 40-இன் வர்க்கமூலமாகிய 6.3-ஐ 3-ஆல் பெருக்கிவரும் 19 மில்லிமீட்டர் அளவினதாகவே இருக்கும். ஆனால், ஆலையின் அச்சு ஒருபுறம் சாய்ந்திருந்து, எல்லாக் கட்டகங்களும் ஒரே திசையில் விலகினால், அது 120 மில்லிமீட்டராகிவிடும். ஆலையில் செய்வதால் எல்லாம் துல்லியம் என்னும் எண்ணம் பாதி உண்மையே. ஆலை நற்பண்பைப் படியெடுப்பது போலப் பிழையையும் படியெடுக்கும். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் 2016-இல் நிறைவுற்ற 32 மாடிக் கட்டகமுறைக் கட்டடத்தின் பணி 2014-இல் இடைநின்றது. கட்டகங்கள் பொருந்தாமை, நீர்க்கசிவு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்னும் வழக்குகளும் எழுந்தன. விலகிய கட்டகத்தில் சுமை நடுவழியே இறங்காது, ஓரத்தில் அழுத்தும். ஆதலின் இது தோற்றக் குறை மட்டுமன்று, உறுதியைப் பற்றிய குறையுமாகும்.

இரண்டாவது, ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியே செய்யப்படுதல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது பொருந்தும். ஆலையில் ஒரே கலவையில் வார்த்த கான்கிரீட்டுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் இணைப்புகள் ஒரே பானையில் வெந்தவை அல்ல. ஒன்று காலையில் நிரப்பப்பட்டது, மற்றொன்று மழை தூறிய மாலையில். ஒன்றை நிரப்பியவர் வேறு, மற்றொன்றை நிரப்பியவர் வேறு. பத்து இணைப்புகளைச் சோதித்து ஆயிரம் இணைப்புகளும் நல்லவை என்று முடிவுசெய்தல் இங்கு இயலாது.

மூன்றாவது, மறைந்திருத்தல். கட்டகம் ஓடு பதித்து, வண்ணம் பூசி, சில வேளைகளில் அலமாரியும் பொருத்தி வருகிறது. அமர்த்தியபின் இணைப்பு இரு சுவர்களுக்கு நடுவே புதைந்துவிடுகிறது. மழையும் ஈரப்பதமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில், கட்டகங்களிடையே உள்ள இடைவெளியில் நீர் புகுந்து தேங்கினால், எஃகு துருப்பிடிப்பதும் வெளியே தெரியாமலே நிகழும்.

4. தட்டிப் பார்க்கும் கலை

கண்ணுக்குத் தெரியாத குறையைக் காதால் அறியும் வழக்கம் நம்மவர்க்குப் பழகியதே. பொங்கலுக்கு மண்பானை வாங்குவோர் அதனை விரலால் சுண்டிப் பார்க்கின்றனர். நல்ல பானை கணீரென ஒலிக்கும். கீறல் விட்டது மழுங்கி ஒலிக்கும். இதன் அறிவியல் எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் விறைப்பும் நிறையும் சேர்ந்து ஓர் இயற்கை அதிர்வெண்ணை அளிக்கின்றன. கீறல் விறைப்பைக் குறைக்கிறது, அதிர்வெண்ணும் குறைகிறது.

கட்டடமும் அவ்வாறே அதிர்கிறது. அதனைச் சுண்ட வேண்டியதில்லை. காற்றும் போக்குவரத்தும் இடையறாது சுண்டிக்கொண்டிருக்கின்றன. உயரத்தை மீட்டரில் கொண்டு 46-ஐ வகுத்தால் உயர்ந்த கட்டடத்தின் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும் என்பது பொறியியலார் வழங்கும் எளிய வாய்பாடு. 140 மீட்டர் உயரக் கட்டடத்திற்கு இது 0.33 ஹெர்ட்ஸ், அஃதாவது ஒருமுறை அசைந்து மீள ஏறத்தாழ மூன்று நொடி. மேல்மாடியில் வைத்த முடுக்கமானி என்னும் உணரி இவ்வசைவைப் பதிவுசெய்யும். இத்தொடர்ச்சியான அளவீட்டையும் அதன்வழி உறுதியை மதிப்பிடுவதையும் கட்டமைப்பு நலக் கண்காணிப்பு எனலாம். சிங்கப்பூரின் 280 மீட்டர் உயர ரிப்பப்ளிக் பிளாசா கட்டடத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களிலேயே இத்தகைய அளவீடுகளைத் தொடங்கினர்.

சுமத்திராவின் நிலநடுக்கங்களால் நம் வட்டாரத்தில் இவ்வளவீடு தனிப்பயன் பெறுகிறது. நெடுந்தொலைவு கடந்து வரும் நில அதிர்வில் விரைந்த அலைகள் வழியிலேயே மடிந்துவிட, மெல்ல அசையும் அலைகளே எஞ்சுகின்றன. அவை உயர்ந்த கட்டடங்களின் இயற்கை அசைவோடு ஒத்துப்போகக்கூடியவை. 2005 மார்ச்சு 28 அன்று நியாஸ் தீவருகேயும், 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங் அருகேயும் நிகழ்ந்த நிலநடுக்கங்களின்போது சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் அடுக்குமாடி வாழ்வோர் அசைவை உணர்ந்து வெளியே வந்தனர். அத்தகைய நிகழ்வுக்கு முன்னும் பின்னும் கட்டடத்தின் அதிர்வெண் மாறியுள்ளதா என ஒப்பிட, முன்னரே எடுத்த அளவீடு கையில் இருத்தல் வேண்டும்.

ஆனால் இக்கலைக்கு எல்லை உண்டு. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; கட்டடம் முழுவதன் விறைப்பு பத்து விழுக்காடு குறைந்தால் அதிர்வெண் ஐந்து விழுக்காடே குறையும். ஆயிரக்கணக்கான இணைப்புகளுள் ஒன்று பழுதுற்றால் ஏற்படும் மாற்றமோ அளந்தறிய இயலாத அளவு சிறிது. மேலும், வெயிலும் மழையும் ஆள்நடமாட்டமும் அதிர்வெண்ணை மாற்றுகின்றன. சுவிட்சர்லாந்து நாட்டின் இசட்24 என்னும் பாலம் இதற்குச் சிறந்த சான்று. 1998-இல் அகற்றப்படுமுன் ஏறத்தாழ ஓராண்டு அப்பாலம் கண்காணிக்கப்பட்டது. இறுதியில் ஆய்வுக்காக வேண்டுமென்றே சிறிது சிறிதாகப் பழுதாக்கவும் பட்டது. குளிர்காலத்தில் பாலத்தின்மேல் இருந்த தார்ப்படலம் உறைந்து விறைத்தபோது அதிர்வெண்கள் பத்து விழுக்காட்டுக்கும் மேலாக மாறின. அம்மாற்றம், செயற்கையாக உண்டாக்கிய பழுதுகள் பலவற்றால் ஏற்பட்ட மாற்றத்தினும் பெரிது. தட்பவெப்பத்தின் விளைவை முதலில் கணித்துக் கழிக்காமல் பழுதைக் காண இயலாது என்பது அவ்வாய்வு நிறுவிய உண்மை. நம் நாடுகளில் பனி இல்லை; ஆயினும் பிற்பகல் வெயிலில் காயும் மேற்குச் சுவரும் அதே பாடத்தையே கூறும். கான்கிரீட் ஒரு பாகை வெப்பத்திற்குப் பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு விரியும். மூன்று மீட்டர்ச் சுவர் பத்துப் பாகை சூடேறினால் 0.3 மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் நாம் தேடும் அசைவும் பெரும்பாலும் இதே அளவினதே.

5. இணைப்பின் அருகில் செவி வைத்தல்

முழுக் கட்டடத்தையும் தட்டிப் பார்ப்பது போதாதெனின், இணைப்புக்கு அருகில் செல்லுதல் வேண்டும். இதற்கெனப் பல உணரிகள் உள்ளன. திரிபுமானி, கான்கிரீட்டோ எஃகோ எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பதை அளக்கும். ஒளியிழையின் வழியே ஒளியைச் செலுத்தி, ஒரே இழையில் பல இடங்களின் திரிபை அறியும் முறையும் உண்டு. அது துருப்பிடிப்பதில்லை, மின்காந்த இடையூறும் அதற்கில்லை. இரு கட்டகங்களிடையே உள்ள இடைவெளி விரிகிறதா என அளக்கும் இடப்பெயர்ச்சிமானியும், சாய்வை அளக்கும் சாய்வுமானியும், திருகாணியின் இறுக்கத்தை அறியும் வளைய உணரியும், இடைவெளியில் ஈரம் சேர்வதை அறிவிக்கும் ஈரமானியும் பயன்படுகின்றன.

நிரப்புக்காரை முழுமையாக நிரம்பியதா என அறிய, மீயொலியைச் செலுத்திப் பார்ப்பதும், சிறு துளையிட்டு உள்நோக்குக் கருவியைச் செலுத்துவதும் உண்டு. கட்டகம் தூக்கப்படும்போதும் சாலையில் குலுங்கி வரும்போதும் அது தாங்கும் தகைவுகள், கட்டடத்தில் அமர்ந்தபின் தாங்குவனவற்றிலிருந்து வேறுபட்டவை. ஆதலின் ஆலையிலிருந்து புறப்படும்போதே உணரியைப் பொருத்தி அனுப்புவதும் பயன்தருவதே.

எனினும் ஆயிரக்கணக்கான இணைப்புகள் அனைத்திலும் உணரி பதித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. சுமை மிகுந்த கீழ்மாடிகள், காற்றின் விசையைத் தாங்கும் மையச் சுவர்களோடு கட்டகங்கள் பிணையும் இடங்கள், கட்டடத்தின் மூலைகள் ஆகியவற்றைத் தேர்ந்து பதித்தலே இயலும். ரோனன் பாயிண்டில் வீழ்ந்தது மூலை என்பது தற்செயலன்று. ஒரு தாங்கல் இழந்தால் சுமையைத் தாங்கிக்கொள்ள அண்டை மிகக் குறைவாக உள்ள இடம் அதுவே.

உணரியின் ஆயுளையும் எண்ணுதல் வேண்டும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் குத்தகைக்காலம் 99 ஆண்டுகள். மின்னணுக் கருவி எதுவும் அத்தனை ஆண்டுகள் உழைப்பதில்லை. அது எழுதும் கோப்பின் வடிவமும் நிலைப்பதில்லை. எனவே கழற்றி மாற்றத்தக்க இடத்தில் உணரியை அமைப்பதும், அளவீடுகளைப் பிற்காலத்தார் படிக்கத்தக்க வடிவில் காப்பதும் கருவியின் நுட்பத்தினும் இன்றியமையாதன. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துப் படியெடுத்தே காத்த மரபினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

6. மூடுமுன் எழுதும் பதிவு

மேற்கூறியவற்றால் ஒரு முடிவு பெறப்படுகிறது. எல்லா இணைப்புகளையும் நேரே காணத்தக்க வாய்ப்பு கட்டடத்தின் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வருகிறது. அஃது இணைப்பு மூடப்படுமுன் உள்ள சில மணிநேரமே. அப்போது காணாததைப் பின்னர் எந்த உணரியும் முழுமையாகக் காட்டாது.

ஆகவே, ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண், அது நிரப்பப்பட்ட நாள், நேரம், காரைக் கலவையின் வலிமைச் சோதனை, ஊற்றிய காரையின் அளவு, நிழற்படம், செய்தவர், சரிபார்த்தவர் இருவரின் ஒப்பம் ஆகியவை பதிவாதல் வேண்டும். இவற்றுள் காரையின் அளவு எளிய, ஆனால் கூரிய சான்று. ஓர் இடைவெளி நிரம்ப நூறு லிட்டர் தேவையென்று கணக்கிட்டிருக்க, எழுபதே சென்றதெனில், உள்ளே வெற்றிடம் உள்ளது அல்லது அடைப்பு உள்ளது. கருவி எதுவுமின்றியே அதனை அறியலாம். மாறாக, நூற்றிருபது சென்றதெனில், எங்கோ கசிந்துள்ளது. ரோனன் பாயிண்டில் செய்தித்தாள் அடைத்த இடைவெளிகளை இத்தகைய கணக்கொன்று அன்றே காட்டியிருக்கக்கூடும்.

கட்டகங்களில் அடையாளச் சில்லு பொருத்தி, கணினியில் அமைந்த கட்டட மாதிரியுடன் இணைத்து, இப்பதிவுகளைக் காக்கும் வழக்கம் இன்று பரவிவருகிறது. பதிவு இருப்பது மட்டும் போதாது. கட்டுநரிடமிருந்து அது குடியிருப்போரின் நிர்வாகக் கழகத்தைச் சென்றடைதல் வேண்டும். ஆலை ஒரு நாட்டில், வேலைப்பாடு மற்றொரு நாட்டில், ஒப்பந்தக்காரர் பலர் என்னும் நிலையில், பதிவு பல கைகளில் சிதறிவிடும் வாய்ப்பு மிகுதி.

7. சட்டமும் குடியிருப்போரும்

சிங்கப்பூரில் 1986 மார்ச்சு 15 அன்று நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டனர். அது கட்டகமுறைக் கட்டடம் அன்று. வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையே கணக்கிடப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதன் விளைவாக 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. முற்றிலும் குடியிருப்புக்கான கட்டடங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறையும், பிற கட்டடங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளரால் சோதிக்கப்படுதல் வேண்டும்; சிறு தனிவீடுகளுக்கு விலக்குண்டு. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 85ஏ பிரிவு, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பத்தாண்டுச் சோதனையைக் கூறுகிறது.

இச்சோதனைகளின் முதற்படி கண்ணால் காணுதல். விரிசல், கசிவு, சாய்வு, துருக்கறை ஆகியவை தென்பட்டால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்வர். கட்டுமான இடத்திலேயே வார்த்த கட்டடத்திற்கு இது பெரிதும் பொருந்தும். அங்குத் தூணும் விட்டமும் ஓரளவேனும் கண்ணுக்குப் புலப்படும். கட்டகமுறைக் கட்டடத்திலோ உறுதி தங்கியுள்ள இடமே கண்ணுக்கு மறைவாக உள்ளது. அங்குக் கண்சோதனைக்கு வரும் பொறியாளருக்கு இணைப்புப் பதிவேடே கண்ணாகும். அஃதின்றி அவர் காண்பது வண்ணப்பூச்சை மட்டுமே.

இங்குக் குடியிருப்போர்க்கும் கடமை உண்டு. கான்கிரீட் கட்டகத்தின் சுவர்களுள் பெரும்பாலானவை சுமை தாங்குவன. பழைய வீட்டில் செங்கற்சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கியதுபோல் இங்குச் செய்தல் தகாது. பூசையறைக்கு மாடம் குடைவதற்கும், குளிர்சாதனக் குழாய்க்குத் துளையிடுவதற்கும்கூட அனுமதி கேட்பதே முறை. இரு கட்டகங்கள் சந்திக்கும் கோட்டில் தொடர்ந்து ஈரம் படர்ந்தாலோ, ஒருமுறை பூசிய விரிசல் அதே இடத்தில் மீண்டும் விரிந்தாலோ, அதனை அழகுக் குறையாகக் கருதி மீண்டும் பூசிவிடாமல், நாளும் அளவும் குறித்து நிர்வாகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். மூடி மறைத்த விரிசல், அறிந்துகொள்ள வந்த வாய்ப்பை மறுத்த விரிசலாகும்.

நிர்வாகக் கழகத்தின் ஆண்டுக்கூட்டத்தில் நாம் வழக்கமாகக் கேட்பவை வாகன நிறுத்துமிடம், மின்தூக்கி, பராமரிப்புக் கட்டணம் ஆகியவை பற்றிய வினாக்களே. கட்டகமுறைக் கட்டடத்தில் வாழ்வோர் அவற்றோடு மூன்று வினாக்களைச் சேர்த்துக் கேட்டல் நன்று. இணைப்புப் பதிவேடு நம்மிடம் உள்ளதா? கட்டடத்தின் தொடக்க நிலை அதிர்வெண்ணும் சாய்வும் அளக்கப்பட்டுக் குறிக்கப்பட்டுள்ளனவா? அளவீடுகளை ஆண்டுதோறும் படித்துப் பொருள்கூறும் பொறுப்பு யாருடையது? இவற்றைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

முடிவுரை

கட்டகமுறையைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆலையில் செய்வதால் கழிவு குறைகிறது, உயரத்தில் நின்று செய்யும் ஆபத்தான வேலை குறைகிறது, இரைச்சலும் தூசியும் குறைகின்றன, காலமும் மிஞ்சுகிறது. ரோனன் பாயிண்டின் பின்னர் எழுந்த விதிகளால் இன்றைய கட்டடங்களின் பிணைப்பு அன்றையதினும் வலுவானது. ஆயினும் விதி தாளில் உள்ளது. இணைப்பு சுவருக்குள் உள்ளது. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை நிரப்புவது கண்காணிப்பே. உணரிகள் அதில் ஒரு பகுதி. காரையை ஊற்றிய ஒருவர் அளவைப் பொய்யின்றி எழுதி ஒப்பமிடுவதும், அதனை அடுத்த தலைமுறைக்கு ஒருவர் பாதுகாத்து அளிப்பதும் எஞ்சிய பகுதி.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் நாம், இரு சொற்கள் சேருமிடத்தில்தான் திரிபும் தோன்றலும் கெடுதலும் நிகழ்கின்றன என்கிறோம். திரிபு என்னும் அதே சொல்லைப் பொறியியல் தமிழும் கட்டட உறுப்பு உருமாறும் அளவைக் குறிக்க எடுத்தாள்கிறது. இதனை வகுப்பில் ஒருமுறை எடுத்துக்காட்டினால், மாணவர்க்கு இலக்கணமும் விளங்கும், தம் வீடு எங்கே இணைந்திருக்கிறது என்று நோக்கும் கண்ணும் பிறக்கும். அம்மாணவருள் சிலர் நாளை கட்டுமான இடத்தில் இணைப்பைச் சரிபார்த்து ஒப்பமிடுவோராகவும், வேறு சிலர் அவ்வீடுகளில் வாழ்வோராகவும் இருப்பர்.